குரோஷியாவில் படகு எடுக்க ஐசிசி மட்டும் போதாது

வெளிநாட்டில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்ட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஐசிசி (படகு ஓட்டுவதற்கான சர்வதேசத் தகுதிச் சான்றிதழ்) அட்டையைத்தான். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 40ஆம் தீர்மானத்தில் வகுத்த சான்றிதழ் அது. பிரிட்டனில் ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்டிகள் சங்கம் வழங்குகிறது, 5 வருடம் செல்லும். ஆனால் குரோஷியாவில் அதோடு விட மாட்டார்கள், படகு ரேடியோவை இயக்கும் சான்றிதழும் கேட்பார்கள்.

அங்கே ஸ்பிளிட் துறைமுகத்தில் வாடகைப் படகை ஒப்படைக்கும் மேசையில் இருந்த பெண், என் அட்டையை நிதானமாகப் படித்தார். பாய்க்கா மோட்டாருக்கா, கடலுக்கா உள்நாட்டு நீர்வழிக்கா, எந்தத் தேதிவரை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். அடுத்து, "ரேடியோ சான்றிதழ்?" என்னிடம் எஸ்ஆர்சி என்ற அந்த ரேடியோ சான்றிதழ் இருந்தது, அசலையே நீட்டினேன்.

பக்கத்தில் ஒரு குடும்பம். அந்த அப்பா பல வருடம் படகு ஓட்டியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஐசிசி இருக்கிறது, ரேடியோ சான்றிதழ் இல்லை. கடைசியில் சம்பளத்துக்கு ஒரு கேப்டனை ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு வைத்திருந்த அறை அவருக்குப் போய்விட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இருந்தாலும் இந்த விதியை வீண் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேடியோவின் சிவப்பு மூடியைத் தூக்கி ஆபத்துப் பொத்தானை அழுத்திப் பிடிப்பது, பிறகு ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் மூன்று முறை 'மேடே' என்ற உதவிக் குரல், மூன்று முறை படகின் பெயர், அப்புறம் இருக்கும் இடம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவருக்கு அலையடிக்கும் நேரத்தில் நாக்கு எழும்பாது. படகை முன்பதிவு செய்வதற்கு முன்பே அந்தப் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

~~~

குரோஷியா பற்றி மேலே நண்பர் எழுதியது சரி. கிரீஸில் எங்களுக்கு வேறு மாதிரி. அங்கே கேப்டனுக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, படகு தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். என் மனைவி தனக்கு அனுபவம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பேராகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆறு, கால்வாய் என்றால் ஐசிசியில் உள்நாட்டு நீர்வழிக்கும் அனுமதி இருக்க வேண்டும். அதற்கு செவ்னி எனப்படும் ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து விதிகளில் தனித் தேர்வு. பிரான்ஸின் கால்வாய்களில் வாடகை வீட்டுப் படகுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. புறப்படும் இடத்திலேயே சொல்லிக் கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அட்டை ஒன்றைத் தருகிறார்கள்.