ஒற்றை டயரும் 3 மி.மீ. கணக்கும்

மஞ்சக்குப்பத்தான்:
"ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்) காரில் ஒரு டயர் கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், பட்டனில் (சாலையில் படும் ரப்பர் கட்டைகளின் உயரத்தில்) 3 மி.மீ. வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல" என்று வில்லியனூர் வாசி நேற்று இங்கு எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாரேனும் கடைக்குப் போய் அப்படியே செய்துவிடுவார்களே என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன். என் காரில் இருப்பது 215/65 ஆர்16 அளவு டயர். புதிய டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,155 மி.மீ.; பட்டன் 3 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 6, சுற்றளவில் 19 மி.மீ. குறையும். புதியது ஒரு கிலோமீட்டருக்கு 464 முறை சுழலும் இடத்தில் தேய்ந்தது 468 முறை சுழலும். கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் எண்பது சுற்றுக்கு மேல் வித்தியாசம் சேர்ந்துவிடுகிறது. அந்த எண்பது சுற்றையும் வண்டிக்குள் ஏதோ ஒரு பாகம்தான் தாங்கியாக வேண்டும்.

வில்லியனூர் வாசி:
ஐயா, பெருக்கல் கணக்கு எனக்கும் தெரியும். இந்திரா காந்தி சதுக்கத்தைச் சுற்றி வரும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடுகிறது. வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகம் ஓடுகிறது. அதைத் தாங்குவதற்காகவே டிஃபரன்ஷியலை (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதியை) வைத்திருக்கிறார்கள். தங்கள் 3 மி.மீ. ஒரு விழுக்காடுகூட இல்லை. மூன்று கார்களில் ஒற்றை டயர் மாற்றி ஓட்டியவன் நான். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

முத்தியால்பேட்டையார்:
இருவரும் எந்த வகை வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நடுவில் டிஃபரன்ஷியல் உள்ளதா, கிளட்ச் தட்டுகளால் பின்பக்கத்துக்கு விசை அனுப்புவதா, அல்லது தேவைப்படும்போது மட்டும் கம்பியை இழுத்துப் பூட்டும் பழைய ஃபோர் வீல் டிரைவா? மூன்றாவது வகையில், இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் வரை முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்பே இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
வகை எதுவாயினும் 3 மி.மீ. என்பது 3 மி.மீ.தான். வளைவு பத்து நொடியில் முடிந்துவிடும். டயர் வித்தியாசமோ வண்டி நேராக ஓடும் ஒவ்வொரு நொடியும் தொடரும். வில்லியனூரார் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் பிழை. என் காருக்குப் பின்னால் இரண்டு புதிய டயர்களைப் பூட்டி, முன்னால் பழையவற்றை விட்டுவிட்டார்கள். முன்சக்கரங்கள் ஓயாமல் சற்று வேகமாகச் சுழன்றதால், அவை வழுக்குவதாகவே கணினி எடுத்துக்கொண்டது. பின்பக்கத்துக்கு விசை அனுப்பும் கிளட்ச் தட்டுகள் உலர்ந்த தாரிலும் உரசிக்கொண்டே இருந்தன. கழற்றியபோது எண்ணெய் கருத்து, கருகிய வாடை அடித்தது. சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ.; பட்டன் ஆழத்தில் அது வெறும் 1 மி.மீ. நீங்கள் மூன்று மடங்கைப் பொருட்டே அல்ல என்கிறீர்கள்.

வில்லியனூர் வாசி:
சுபாரு கார் இந்தியாவில் விற்கப்படுவதே இல்லை. ஜப்பானியப் பனிச்சாலைக்கு எழுதிய விதியைத் தவளக்குப்பம் சாலையில் கொண்டுவந்து நிறுத்துவது என்ன நியாயம்? மேலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தங்கள் கார் ரெயின்போ நகரில் உறவினர் வீட்டு வாசலில் தண்ணீரில் நின்றது என்று தாங்களே இங்கு எழுதினீர்கள். நீர் புகுந்து கெட்டதற்கு டயர்மீது பழி போடுகிறீர்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
சுபாரு வந்ததே இல்லை என்பது தவறு. சுபாருவின் ஃபாரஸ்டர் கார் இங்கு செவர்லே பெயரில் விற்கப்பட்டது.

வில்லியனூர் வாசி:
செவர்லே என்று பெயர் ஒட்டி விற்றால் அது செவர்லேதான், தம்பி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வர வேண்டாம்.

தேவனாம்பட்டினத்தான்:
எஞ்சின் ஆயில் விவாதத்திலும் இதே சொல்லைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தீர்கள். அப்போதும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது.

மஞ்சக்குப்பத்தான்:
தம்பி சொல்வது உண்மை. அன்று நானும் இங்கே இருந்தேன். இனி வெள்ளம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். காற்றுத்துளை வழியே நீர் புகுந்தால் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல வெளுக்கும். என் வண்டியில் எண்ணெய் கருத்திருந்தது. கண்ணால் கண்டவன் சொல்கிறேன். அந்த வேலைக்கு ஆன பணத்தில் நான்கு டயர்களையும் மாற்றி மிச்சமும் பிடித்திருக்கலாம். அந்த வலியில்தான் இவ்வளவு எழுதுகிறேன். இன்னொன்று: தாங்கள் ஓட்டிய மூன்று கார்களில் ஆல் வீல் டிரைவ் எத்தனை?

வில்லியனூர் வாசி:
ஒன்று. அந்த ஒன்று போதாதா?

முத்தியால்பேட்டையார்:
ஒற்றை டயர் மட்டும் புதிதானால், அந்த அச்சின் சராசரியைப் பார்த்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள வித்தியாசம் பாதியாகக் குறையும். ஆனால் அதே அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் நேர்சாலையிலும் ஓயாமல் சுழலும். ஆகவே இருவர் கணக்கும் முழுமையில்லை. ஒரே அளவு அச்சிட்டிருந்தாலும் இரு நிறுவன டயர்களின் உண்மையான விட்டம் வேறுபடும் என்பதையும் யாரும் பேசவில்லை. தேயாத ஸ்டெப்னியும் ஒரு புதிய டயரும் ஒரே அச்சில் போட்டுப் பார்க்கலாமே.

மஞ்சக்குப்பத்தான்:
ஸ்டெப்னி யோசனை 3 மி.மீ. கேள்விக்கு விடையாகாது, மற்ற அச்சில் தேய்ந்தவைதானே இருக்கும்? வில்லியனூராரே, தங்கள் அந்த ஒரு காரின் நான்கு டயர்களின் பட்டன் ஆழத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள். ஆழமானி இல்லையென்றால் நானே ஞாயிறன்று கொண்டுவருகிறேன்.

வில்லியனூர் வாசி:
பட்டன் 1.6 மி.மீ. தேய்மானக் குறிக்கு மேலே இருக்கும் வரை சட்டப்படி என் டயர் நல்ல டயர். எதற்காக அளக்க வேண்டும்?

மஞ்சக்குப்பத்தான்:
1.6 என்பது ஒரு டயர் பிரேக்குக்கும் மழைக்கும் தகுதியா என்பதற்கான அளவு. நான்கும் ஒத்திருக்கின்றனவா என்று அது சொல்லாது. நான் கேட்டது 3 மி.மீ. பற்றி.

வில்லியனூர் வாசி:
3 மி.மீ. பொருட்டே அல்ல என்று நேற்றே எழுதிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தான்:
ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன்.