மேல்மாடி அறையின் வெக்கை: ஏசி வாங்குவதா, முதலில் தளத்தைக் கவனிப்பதா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். எங்கள் வீடு பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் இருப்பதால், மாசி பிறந்ததுமே கிழக்கிலிருந்து அனல் காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. மேல்மாடியில் மகள் தேர்வுக்குப் படிக்கும் 12-க்கு 14 அடி அறையில், நண்பகலைவிட இரவு பத்து மணிக்குத்தான் வெக்கை தாங்க முடியவில்லை. கடைக்காரர் 2 டன் ஏசி வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் ஏர் கூலரே போதும் என்கிறார். இரண்டு மாதத்துக்கு இப்போது ஏறத்தாழ 260 யூனிட் மின்சாரம் ஆகிறது. எதைச் செய்வது நல்லது?

மறுமொழி (பொள்ளாச்சி)

இருபது ஆண்டுகளாக வீடு கட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அறையைச் சுடவைப்பது கான்கிரீட் தளம்தான். பகல் முழுதும் வெயிலைக் குடித்த தளம், அந்தச் சூட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதால்தான், வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே வேகிறது. அந்த நேரத்தில் ஓடும் ஏசி, அறைக் காற்றோடு சேர்த்துத் தலைக்கு மேலிருக்கும் அடுப்பையும் குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதலில் மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பில் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழை இதைக் கரைத்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் தை மாதம் மீண்டும் அடிக்க வேண்டும். வசதி இருந்தால், பழைய வீடுகளில் செய்ததுபோல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்கலாம். ஆனால் தளம் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். உங்கள் பக்கத்தில் பலரும் போடும் டிரஸ் ஷீட் கூரையும் (இரும்புச் சட்டத்தின் மேல் தகடு வேய்ந்தது) நிழல் தரும், பக்கங்களை அடைக்காமல் காற்று போக விட்டால் மட்டும்.

மறுமொழி (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

ஏசி பழுதுபார்ப்பது என் தொழில். முதலில் டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு அது, மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்பார்கள். மேலே தளம் இருக்கும் 168 சதுர அடி அறைக்கு 1.5 டன் போதும், 2 டன் வேண்டாம்.

அண்ணன் சொன்ன சுண்ணாம்புக்கு நான் இன்னொரு காரணமும் சேர்ப்பேன். கேரள மின்வாரியத்தில், வீட்டுப் பயன்பாடு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், படிப்படியான கட்டணம் போய், பயன்படுத்திய எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு அந்த எல்லை 500 யூனிட்; இப்போது ஆகும் 260 போக உங்களுக்கு 240 யூனிட் இடம் இருக்கிறது, அதாவது நாளுக்கு 4 யூனிட். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 1.5 யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் வகையாக இருந்து அறை விரைவில் குளிர்ந்தால், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தளம் கொதித்தால் அது குறையவே குறையாது. 18-இல் வைக்காமல் 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓட விடுங்கள். ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

மறுமொழி (வேலந்தாவளம்)

கூலர் பற்றி ஒரு சொல். பங்குனியில் காற்று உலர்ந்திருப்பதால் அது நன்றாகவே வேலை செய்கிறது, சன்னலைத் திறந்து வைத்தால். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் ஈரம்தான் ஏறுமே தவிரக் குளிராது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கூலரில் நீரில் நனையும் பட்டைகள் இரண்டே கோடையில் கல்லாகிவிட்டன. தண்ணீருக்கே தவிக்கும் மாதத்தில் அதற்கும் ஊற்ற வேண்டியிருந்தது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமையே சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். பத்து நாள் இரவு வெக்கையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்குகிறேன். அதுவரை மகள் கீழே கூடத்தில் படிக்கட்டும்.