ஆறு வாரப் பயிற்சிக்குக் காசு கட்டவா, அச்சு இயந்திரம் வாங்கவா?

பீனிக்ஸ்_லினோ:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிறேன். லினோ என்ற தகட்டில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுப்பேன், யாராவது கேட்டால் உருவப்படமும் வரைவேன். கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ஓவியர்களுக்கு ஆறு வாரத் தொழில் பயிற்சி ஒன்று நடக்கப்போகிறது: விலை போடுவது, ஒப்பந்தம், கண்காட்சிக்கு விண்ணப்பிப்பது, தன் வேலையைப் பற்றித் தானே எழுதுவது. அதில் சேரவா, அதே காசில் சின்ன அச்சு இயந்திரம் வாங்கவா? இன்னும் கரண்டியால் தேய்த்துத்தான் அச்செடுக்கிறேன்.

கோபுரவண்ணம்:
இயந்திரத்தை வாங்கு தம்பி. நாற்பது வருஷமாகக் கோயில் சுதைக்கு வண்ணம் அடிக்கிறவன் சொல்கிறேன். இங்கே நேட்டாலில் நம் கோயில்களைக் கட்டிய கொத்தனார் ராம்சாமி பிள்ளையும் கிஷ்டப்ப ரெட்டியும் விலை போட வகுப்புக்குப் போனார்களா? ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை மையத்தைப் பார். 1962-இல் தொடங்கிய இடம். அங்கே படித்த அசாரியா ம்பாதா, ஜான் முவாஃபாங்கெஜோ எல்லாரும் லினோவும் கத்தியும் பிடித்தே பெயர் வாங்கினார்கள். இப்போது கண்காட்சிக்குப் போனால் ஓவியர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. நினைவு, அடையாளம், இடப்பெயர்வு. பெயரை மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. அதைத்தான் இந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மையும்தாளும்:
அண்ணா, குறிப்புகளைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ரோர்க்ஸ் டிரிஃப்ட் பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே ஓவியர் செதுக்கி அச்செடுத்தால், வாங்க ஆள் தேடி விற்க மையமே இருந்தது. அங்கிருந்த ஓவியப் பள்ளியும் 1982-இல் மூடியாயிற்று. பீனிக்ஸில் தனியாக உட்கார்ந்து தேய்க்கிற தம்பிக்கு அதையெல்லாம் யார் செய்வார்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் படத்தை வரையச் சொன்னது. மூன்று மாத வேலை, பேசிய காசைக் கொடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு அந்த முகம் அவர்கள் கடை காலண்டரில் வந்தது, பிறகு இனிப்புப் பெட்டியிலும். என் பெயர் எங்கும் இல்லை. கேட்கப் போனால் சட்டம் அவர்கள் பக்கம். இந்நாட்டின் 1978-ஆம் ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 21-ஆம் பிரிவு: காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, காப்புரிமை வரையச் சொன்னவருக்கே. புகைப்படத்துக்கும் அதே விதி. கடற்கரையையோ மாமரத்தையோ வரையச் சொல்லியிருந்தால் உரிமை என்னிடம் நின்றிருக்கும். முகம் என்பதால் போயிற்று! இருபது வருஷம் வரைந்தும் எனக்கு இது தெரியவில்லை.

கோபுரவண்ணம்:
வருத்தமாக இருக்கிறது அம்மா. ஆனால் இதை நீ ஒரே பத்தியில் சொல்லிவிட்டாய். ஆறு வாரம் எதற்கு?

மையும்தாளும்:
ஒரு பத்திதான். அதைச் சொல்ல அன்று ஆள் இல்லையே அண்ணா. சரி, விலைக்கு வருகிறேன். கேலரி பாதி எடுத்துக்கொள்வது இங்கே சகஜம். 1,000 ராண்டுக்கு விற்றால் 500 கைக்கு வரும். படத்துக்கு ஃப்ரேம் போட 200 ஆகியிருந்தால் மிச்சம் 300. தாள், மை எல்லாம் அதற்குள். இதைப் பார்த்துப் பயந்து அதே படத்தை வீட்டில் 500-க்கு விற்றால், கேலரியில் முழு விலை கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார். எங்கே விற்றாலும் ஒரே விலை இருக்க வேண்டும். இருபது பிரதி என்று எண் போட்டால் இருபதோடு நிறுத்த வேண்டும், இருபத்தோராவது எடுக்கக் கூடாது.

ஜோபர்க்_பட்டறை:
நடுவில் வருகிறேன். கத்தியா காகிதமா என்று பிரித்தே பேசுகிறீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் ஸ்டூடியோ என்ற அச்சுப் பட்டறையை கிம் பெர்மனும் ந்லான்லா சாபாவும் 1991-இல் தொடங்கினார்கள். 2003 தீயில் பட்டறையும் போயிற்று, சாபாவும் போனார். மற்றவர்கள் திரும்பக் கட்டினார்கள். அங்கே அச்சு உருளை சுற்றக் கற்றுக்கொள்கிறவர்களே விற்கவும் கணக்குப் பார்க்கவும் கற்கிறார்கள். தம்பி, அந்த ஆறு வாரத்தில் எத்தனை வாரம் ஒப்பந்தத்துக்கு, எத்தனை வாரம் குறிப்பு எழுத என்று கேள். நான்கு வாரம் குறிப்புக்கே என்றால் காசு கட்டாதே.

பீனிக்ஸ்_லினோ:
கேட்டேன். குறிப்புக்கும் போர்ட்ஃபோலியோவுக்கும் (காட்டுவதற்கான படத் தொகுப்பு) நான்கு, விலைக்கு ஒன்று, ஒப்பந்தத்துக்கு ஒன்று.

கோபுரவண்ணம்:
அப்புறம் என்ன. இயந்திரம்.

மையும்தாளும்:
இந்த வகுப்பு வேண்டாம் என்றால் சரி, அண்ணா. கற்கவே வேண்டாம் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பீனிக்ஸ்_லினோ:
அக்கா, சனிக்கிழமை ஒருவர் தன் ஆயாவின் படம் வரையச் சொல்ல வருகிறார். எதை எழுதி வாங்கவேண்டும்?

மையும்தாளும்:
வேலை தொடங்கும் முன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு: "இப்படத்தின் காப்புரிமை ஓவியருக்கே உரியது, காப்புரிமைச் சட்டம் 21(1)(e)-இன்படி, வரையச் சொன்னவருக்கு உரிமை தரும் 21(1)(c) இதற்குப் பொருந்தாது. வாங்குபவர் வீட்டில் மாட்டலாம், குடும்பத்தாருக்குப் பகிரலாம். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ அச்சிட ஓவியரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்." உன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை 20-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது, காப்புரிமை கைமாறினாலும் அது உன்னோடுதான். எனக்கு அதுவும் அப்போது தெரியாது.

கோபுரவண்ணம்:
பாதிப் பணம் முன்னால் என்றும் எழுது தம்பி. முகம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள், அதற்கும் ஒரு வரி போட்டுக்கொள்.