பாசி எடுக்கும் பெண்கள் குழுவுக்குச் சிறு மானியம் கிடைக்குமா?

பாம்பன்காரி:
சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து குழு வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு, தீர்மான நோட்டு எல்லாம் உண்டு. விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறோம். லைஃப் ஜாக்கெட் ஒருத்தியிடமும் இல்லை. அதற்கு எங்கே கேட்பது?

மண்டபம் தம்பி:
அக்கா, சுயஉதவிக் குழு என்றால் முதலில் மகளிர் திட்டத்தில் சுழல் நிதி (குழுவுக்குள் கடனாகச் சுற்றிவிடும் பணம்) கேளுங்கள். வெளி மானியத்துக்குப் பெரும்பாலும் பதிவு கேட்பார்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி 7 பேர் போதும். மனுவோடு ஜாக்கெட்டுக்குக் கடைக்காரர் தரும் விலைக் கொட்டேஷனும் வையுங்கள்.

கீழக்கரை வாசகர்:
வாங்கிய ஜாக்கெட்டைப் பீரோவில் பூட்டிவைத்த குழுக்களும் உண்டு! மரைன் போலீஸை ஒருநாள் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவசர உதவி எண்கள்: கடலோரப் பாதுகாப்புக்கு (மரைன் போலீஸ்) 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. நீங்கள் போகும் வல்லத்திலேயே (படகு) பெயின்டில் எழுதிவிடுங்கள்.

பாம்பன்காரி:
எழுதலாம். ஆனால் போலீஸ் வந்தால் நுழையத் தடையுள்ள தீவுப் பக்கம் போவதைக் கிளறுவார்களோ என்று பாதிப் பேருக்குத் தயக்கம்.

மண்டபம் தம்பி:
சரி, அதையே முதல் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள் அக்கா.