லாக்டேட் நார்மல், சி.டி.யில் பெருங்குடல் சுவர் தடிப்பு: அடுத்து ஆஞ்சியோவா, கொலோனோஸ்கோப்பியா?

இரவுப்பணி:
வயது 68, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. இடப்பக்க அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கிற வலி, கூடவே மலம் கழிக்கும் அவசரம், 10 மணி நேரத்தில் ரத்தம் கலந்த பேதி. வெளியே சீதபேதி என்று மெட்ரோனிடசோல் கொடுத்திருக்கிறார்கள். நாடி 96, பி.பி. 110/70, வயிறு மெத்தென்று இருக்கிறது. கான்ட்ராஸ்ட் சி.டி.யில் மண்ணீரல் வளைவு (மண்ணீரல் அருகே பெருங்குடல் திரும்பும் இடம்) முதல் சிக்மாய்டு (மலக்குடலுக்கு முந்தைய பகுதி) வரை சுவர் தடித்திருக்கிறது, மலக்குடல் சரி. பெரிய தமனிகளில் அடைப்பே இல்லாதபோது, பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து வரும் புண் (இஸ்கீமிக் கொலைட்டிஸ்) என்று எப்படிச் சொல்வது?

குடல்நோக்கி:
இந்த நோயில் அடைப்பு தெரியாததுதான் வழக்கம். கொஞ்ச நேரம் ஓட்டம் குறைந்து, நாம் படம் எடுப்பதற்குள் திரும்பிவிடும். அதனால் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. மண்ணீரல் வளைவு இரண்டு மெசென்டெரிக் தமனிகளின் (குடலுக்கு ரத்தம் தருபவை) கடைமடை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். மலக்குடலுக்கு இடுப்புத் தமனியிலிருந்தும் ரத்தம் வருவதால் தப்பிக்கிறது. லாக்டேட்டை (ஆக்சிஜன் குறைந்த திசுவிலிருந்து ரத்தத்தில் ஏறும் பொருள்) நம்பி விட்டுவிடாதீர்கள், அது ஏறும்போது நேரம் கடந்திருக்கும்.

கொலோனோஸ்கோப்பியை (பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) 48 மணி நேரத்துக்குள் செய்யுங்கள். காற்றை மிகக் குறைவாக ஊதுங்கள், கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அதுவே மேல். குடல் உப்பினால் உள்ளழுத்தம் ஏறி, இருக்கிற ஓட்டமும் குறையும். மோசமான இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். நீளவாக்கில் ஒற்றைக் கோடாகப் புண் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். பயாப்ஸி (சிறு திசுத் துண்டு) எடுங்கள், ஆனால் கறுத்து அழுகிய திசுவைத் தொடாதீர்கள். வயிறு பலகை போல இறுகினால் ஸ்கோப்பே கூடாது.

படம்பார்ப்பவர்:
அதே சி.டி.யை நுரையீரல் விண்டோவில் (காற்று நன்றாகத் தெரியும் திரை அமைப்பு) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவருக்குள் காற்று அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அதுவோ, போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்) காற்றோ இருந்தால் உடனே சர்ஜனை அழையுங்கள்.

வலப்பக்கக் குடலில் மட்டும் தடிப்பு என்றால் கதையே வேறு. அங்கே மேல் மெசென்டெரிக் தமனி அடைத்திருக்கலாம், சிறுகுடலுக்கும் ரத்தம் அதிலிருந்துதான். அப்போது கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும்.

இரவுப்பணி:
நன்றி. இடப்பக்கம் மட்டும்தான். சீதபேதி என்ற முடிவை எப்படித் தள்ளுவது?

ஆய்வகம்:
மலத்தில் கல்ச்சர், ஷிகா டாக்சின், சி.டிஃப் (குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) டாக்சின் மூன்றும் அனுப்புங்கள். ஷிகா டாக்சின் உள்ள ஈ.கோலை அப்படியே இதே படத்தைக் காட்டும். அமீபா சிஸ்ட் (உறங்குநிலைக் கூடு) தெரிந்ததாலேயே அமீபா நோய் ஆகாது. சிவப்பணுவை விழுங்கிய ட்ரோஃபோசோயிட்டோ (நகரும் அமீபா), ஆன்டிஜென் பாசிட்டிவோ வேண்டும்.

குடலின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடிய மாத்திரைகளையும் கேளுங்கள்: சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை, சுமட்ரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கு), ஈஸ்ட்ரோஜன்.

குடல்நோக்கி:
நாடி 100-ஐத் தாண்டுவது, மேல் பி.பி. 90-க்குக் கீழே போவது, வெள்ளணு 15,000-க்கு மேல், எல்.டி.எச். (செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) 350-க்கு மேல், சோடியம் 136-க்குக் கீழ்: இவை சேரச் சேர ஆபத்து கூடும். வலி மட்டும் இருந்து ரத்தமே போகாத நோயாளியை லேசாக எடுக்காதீர்கள், அவர்கள்தான் மோசமாகிறவர்கள்.