நார்மண்டிக்குப் போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் மே மாதம் அப்பாவுடன் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரைக்குப் போகிறேன். அவருக்கு 71 வயது, மூட்டுவலி உண்டு. இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. பாரிஸிலிருந்து ரயிலில் பாயூ போய் மூன்று இரவுகள் தங்குகிறோம்.

லாங்-சூர்-மேர் பீரங்கித் தளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அப்பா. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கட்டிய நான்கு கான்கிரீட் அரண்களும், உள்ளே 150 மி.மீ. பீரங்கிகளும் அதே இடத்தில் இருக்கின்றன. வரைபடத்தில் அந்த ஊரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாயூவிலிருந்து டாக்ஸியை விட்டால் வேறு வழி உண்டா?

அடுத்து புவான்ட் து ஓக். 1944 ஜூன் 6 அன்று அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் கயிறும் ஏணியுமாக ஏறிய செங்குத்துப் பாறை, சுமார் 30 மீட்டர் உயரம். மேலே குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் தூர்ந்துபோகவில்லை. தடியூன்றி நடப்பவர் அங்கே எவ்வளவு தூரம் போக முடியும்? எனக்கு உண்மையான கவலை இதுதான்.

அரோமாஞ்சில் நேச நாட்டினர் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து அமைத்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகளைக் கடல் வற்றும் நேரத்தில் கிட்டத்தில் பார்க்கலாமாம். அந்த நேரத்தை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? வயதானவர்களுடன் போனவர்கள் அவசியம் எழுதுங்கள்.