நியூ ஆர்லியன்ஸில் ஒரு வாரக்கடைசி: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே, அடுத்த மாதம் ஹூஸ்டனிலிருந்து காரிலேயே நியூ ஆர்லியன்ஸ் போகிறோம், நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. பயணமே அப்பாவின் ஜாஸ் இசை ஆசைக்காகத்தான்.

பிரிசர்வேஷன் ஹால் கட்டாயம் உண்டு. 1961-இல் தொடங்கிய சின்ன ஜாஸ் கூடம், சில பெஞ்சுகள், முன்னால் தரையில் மெத்தைகள், மற்றவர்கள் பின்னால் நின்றுதான் கேட்க வேண்டுமாம். முழங்கால் வலிக்கார அப்பாவைக் கூட்டிக்கொண்டு எவ்வளவு முன்னதாகப் போய் வரிசையில் நிற்பது? பிரெஞ்ச்மென் தெருவில் நல்ல இசை கேட்கக் கிடைக்கும் என்கிறார்கள், ஆனால் பல இடங்களில் 21 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்களாமே, மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்பன் தெரு வேண்டாம், கூச்சல்தான் மிச்சம்.

அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் கூடி முரசடித்து ஆடிய காங்கோ சதுக்கத்தையும் பார்க்க வேண்டும். 1835-இலிருந்து ஓடும் செயின்ட் சார்ல்ஸ் வழி டிராமில் (அந்தப் பச்சை வண்டிதான்) ஏறும் படி ரொம்ப உயரமா?

இன்னொன்று, அப்பா சுத்த சைவம். ரெட் பீன்ஸ் சாதத்தில்கூடப் பன்றிக்கறி போடுகிற ஊரில் மூன்று வேளையும் பெனியேவையே (சர்க்கரைத்தூள் தூவிய பொரித்த மாவுப் பண்டம்) கொடுக்க முடியுமா, சர்க்கரை வேறு இருக்கிறது அவருக்கு. சைவச் சாப்பாடு கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.